காலண்டர் இல்லாத முகாமில் திதி பார்த்தது எப்படி?

கேள்வி இது: "நாஜி வதைமுகாமில் இருந்து பிழைத்த ஒரு ஹங்கேரி யூதப் பெண்ணின் நினைவுக்குறிப்பைப் படித்தேன். கடிகாரமோ காலண்டரோ இல்லாத இடத்தில், யூதர்கள் பாவமன்னிப்புக் கேட்டு நோன்பிருக்கும் யோம் கிப்பூர் நாளில் நோன்பு இருந்ததாக எழுதுகிறார். அந்த நாள் அதுதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? பட்டினியில் கிடப்பவளை நோன்பு இருக்கச் சொல்லும் மதமா அது? கடைசியில், அப்பா இறந்த நாள் தெரியவில்லை என்பதற்கு இரண்டு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதில் அவ்வளவு என்ன இருக்கிறது?"

மூன்றுமே கணக்குச் சம்பந்தப்பட்டவை. இந்த வகைப் புத்தகங்களில் பக்தி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நாள், நிமிடம், அளவு என்றுதான் வரும். அந்தக் கணக்கு தெரியாமல் படித்தால் பாதி பக்கங்கள் உணர்ச்சிவசப்பட்ட எழுத்தாகத் தோன்றும்.

முதலில் நாள். யூத மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கிறது. மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். அதனால் 15-ஆம் தேதி என்றால் ஏறக்குறைய முழுநிலா. பாஸ்கா நிசான் மாதம் 15, கூடாரப் பண்டிகை திஷ்ரி 15. இரண்டுமே நிலா முழுதாக இருக்கும் ராத்திரிகள். விடியும் முன்பே ஆள் எண்ணுவதற்காக மணிக்கணக்கில் திறந்த வெளியில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்கு வானம் தெரிந்தது. நிலாவைப் பார்த்து ஒன்றிரண்டு நாள் பிசகோடு தேதி சொல்லிவிடலாம்.

எந்த மாதத்து நிலா என்பதுதான் சிக்கல். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட 19 ஆண்டில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நம்மூர்ப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருகிற அதே காரணம். போர்க்காலத்தில் யூத ஆண்டு 5700 (1939-40), 5703 (1942-43) இரண்டும் அப்படிப்பட்டவை. 5703-இல் அந்தக் கூடுதல் மாதத்தால் ஆதார் மாதம் இரண்டு என்பதை மறந்தவர் 1943 பாஸ்காவை ஒரு மாதம் முன்னதாகவே கொண்டாடியிருப்பார்.

இப்போது உங்கள் புத்தகத்துப் பெண்ணுக்கு வருவோம். ஹங்கேரியிலிருந்து ரயில்கள் போனது 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை. எட்டே வாரத்தில் சுமார் 4,37,000 பேர், பெரும்பாலும் போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்கு. அவர்கள் எல்லோருமே அந்த ஆண்டு பாஸ்காவைத் தங்கள் வீட்டிலோ ஊரிலோ கழித்துவிட்டு வந்தவர்கள். அது ஏப்ரல் 8, சனிக்கிழமை. யூத ஆண்டின் இந்தப் பாதியில், நிசானில் இருந்து திஷ்ரி வரை, மாதங்களின் நீளம் மாறவே மாறாது: 30, 29, 30, 29, 30, 29. பாஸ்கா முதல் நாளிலிருந்து 163 நாள் எண்ணினால் யூதப் புத்தாண்டு. பாஸ்காவின் மூன்றாம் நாள் என்ன கிழமையோ அதே கிழமை. சனி, ஞாயிறு, திங்கள்; ஆக 1944 செப்டம்பர் 18 திங்கட்கிழமை புத்தாண்டு. அதன் பத்தாம் நாள், செப்டம்பர் 27 புதன், யோம் கிப்பூர். பள்ளிக்கூட வயதுப் பிள்ளையே விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு. கிழமை தெரிந்துகொள்வதும் கஷ்டமில்லை. பல தொழிற்சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை வேலை குறைவு, வெளியாட்களும் வந்து போனார்கள். ஹங்கேரிக்காரர்களின் நினைவுக்குறிப்புகளில் 1944-இன் யோம் கிப்பூர் அவ்வளவு துல்லியமாக வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதே பெண் டிசம்பரில் ஹனுக்கா என்ற எட்டு நாள் பண்டிகைக்கு விளக்கேற்றியதாக எழுதியிருந்தால் ஒரு நாள் முன்பின் இருக்க இடமுண்டு. ஹெஷ்வான், கிஸ்லேவ் என்ற இரண்டு மாதங்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு 29-ஆகவோ 30-ஆகவோ மாறும். சூத்திரம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் சரியாக வரும். அப்படித் தெரிந்தவர்கள் இருந்தார்கள். முகாம்களிலும், யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற நகரப் பகுதிகளிலும் கையால் எழுதிய யூதக் காலண்டர்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

படிக்கும்போது இன்னொரு தடுமாற்றமும் வரும். யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. "யோம் கிப்பூர் இரவு, செப்டம்பர் 26" என்று ஒருவர் எழுதி, இன்னொருவர் 27 என்று எழுதினால் இருவரும் சொல்வது ஒரே நோன்பைத்தான். இதைப் பிடித்துக்கொண்டு "தேதி பொருந்தவில்லை, பொய்" என்று கிளம்புகிறவர்கள் இணையத்தில் நிறைய.

இரண்டாவது, நோன்பு. யூத மதச் சட்டத்தில் உயிரைக் காப்பது மற்ற எல்லாக் கட்டளைகளையும் தள்ளிவைக்கும். விதிவிலக்கு மூன்றுதான்: சிலை வழிபாடு, கொலை, முறைகேடான உடலுறவு. இந்த மூன்றைச் செய் என்று கட்டாயப்படுத்தினால் மட்டும் சாவை ஏற்க வேண்டும். சாப்பாட்டு விலக்கும் நோன்பும் இந்தப் பட்டியலில் இல்லை. கட்டளைகளைக் கைக்கொள்கிறவன் "அவைகளால் பிழைப்பான்" என்ற லேவியராகம வசனத்தை, பிழைப்பதற்குத்தான், சாவதற்கு அல்ல என்று ரபிகள் என்ற யூத மதகுருக்கள் விளக்கினார்கள். நோயாளி யோம் கிப்பூரில் சாப்பிட வேண்டியிருந்தால்கூட அதற்கும் அளவு உண்டு. பெரிய பேரீச்சம்பழத்தின் அளவுக்குக் குறைவாக, சுமார் 30 மில்லி கொள்ளளவு உணவு. அடுத்த வாய்க்கு முன் ஒன்பது நிமிடம் போல இடைவெளி. உயிருக்கு அதுவும் போதாது என்றால் வேண்டிய அளவு சாப்பிடலாம், சாப்பிட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் முகாமில் நோன்பு இருந்தவர்கள் சட்டத்தை மீறினார்களா? கண்டிப்பான பார்வையில், பலர் ஆமாம். முகாம்களில் இருந்த ரபிகள் சிலர் நோன்பு வேண்டாம் என்றே சொன்னார்கள். கேட்டவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. அந்த நோன்பின் விலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆஷ்விட்ஸில் காலையில் காபி என்ற பெயரில் கறுப்புத் தண்ணீர். மதியம் ஒரு லிட்டர் போல நீர்த்த சூப். மாலையில் சுமார் 300 கிராம் ரொட்டி, அதோடு 25 கிராம் அளவில் மார்கரினோ வேறு ஏதோ ஒரு துண்டு. மொத்தம் 1,300 முதல் 1,700 கலோரி என்பது ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் தரும் மதிப்பீடு. கைக்கு வந்தது அதைவிடக் குறைவு, வழியில் திருட்டு. நோன்பு சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ரொட்டி கொடுப்பதும் ஏறத்தாழ அந்த நேரம்தான். வேலை முடிந்து திரும்பி, எண்ணி முடித்து, ரொட்டி கைக்கு வரும்போது நோன்பு தொடங்கியிருக்கும். அதை 24 மணி நேரம் உடம்போடு ஒளித்து வைக்க வேண்டும். தலைமாட்டில் வைத்தால் காலையில் இருக்காது. மறுநாள் சூப்பையோ சேமிக்கவே முடியாது. ஆளுக்கு ஒரு கிண்ணம், அதில் வாங்கியதை அங்கேயே குடிக்க வேண்டும். ஆக நோன்பு என்றால் நிச்சயமாகப் போவது அந்த ஒரு லிட்டர் சூப், போகக்கூடியது ரொட்டி. தப்பித்தால் மறுநாள் மாலை கையில் இரண்டு ரொட்டி. நினைவுக்குறிப்புகளில் நோன்பைப் பற்றிய பத்தியில் பிரார்த்தனை ஒரு வரியும், ரொட்டியை எங்கே ஒளித்தேன் என்பது பத்து வரியும் வருவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பத்து வரி இல்லாத நினைவுக்குறிப்பைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பேன்.

பாஸ்கா இதைவிடக் கடினம். எட்டு நாள் புளித்த மாவு வாயில் படக் கூடாது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எதனுடைய மாவிலும் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுக்காவிட்டால் அது புளித்ததாகக் கணக்கு. முகாம் ரொட்டி முழுக்கப் புளித்தது. முகாம்களில் சிலர் திருட்டு மாவில் புளிப்பில்லா அப்பம் சுட்டிருக்கிறார்கள். மாவு கிடைத்தாலும் அடுப்புக் கிடைப்பதில்லை. அடுப்பு சூடேறும் முன் பிசைந்தால் 18 நிமிடம் ஓடிவிடும். பிசைகிறவர், தேய்க்கிறவர், முள்ளால் குத்தி ஓட்டை போடுகிறவர், காவலுக்கு நிற்பவர் என்று ஆள் பிரித்துக்கொண்டால்தான் முடியும். ஓட்டை போடாவிட்டால் அப்பம் உப்பும், உப்பினால் அந்த இடம் புளித்ததாகக் கருதப்படும். இது முடியாதவர்கள் எட்டு நாளும் ரொட்டியைக் கொடுத்து உருளைக்கிழங்கு மாற்றிக்கொண்டார்கள். கிழங்கு இந்த ஐந்து தானியத்தில் சேராது. ஆனால் ரொட்டிதான் முகாமின் நாணயம், அவசரத்துக்கு மாற்றுகிறவனுக்கு எந்தச் சந்தையிலும் நஷ்டம்தான்.

1944 பாஸ்காவில் பெர்கன்-பெல்சன் முகாமில் இருந்த ஹாலந்து ரபிகள் வேறு வழி எடுத்தார்கள். ராட்டர்டாம் நகரின் ரபி டேவிட்ஸும் அவர்களில் ஒருவர். புளித்த ரொட்டியைச் சாப்பிடும் முன் சொல்லவென்றே ஒரு பிரார்த்தனை எழுதினார்கள். புளிப்பில்லா அப்பம் உண்டு, புளித்ததை விலக்கி இந்தப் பண்டிகையைக் கொண்டாடுவதே எங்கள் விருப்பம் என்று உமக்குத் தெரியும், அடிமைத்தனம் தடுக்கிறது, உயிருக்கு ஆபத்து, பிழைத்திருங்கள் என்ற உம் கட்டளையை நிறைவேற்றவே இதைச் சாப்பிடுகிறோம் என்பது அதன் சாரம். ரொட்டி சாப்பிடுவதையே கட்டளையாக மாற்றிவிட்டார்கள். டேவிட்ஸ் 1945-இல் அதே முகாமில் இறந்தார்.

விளக்கு, கொம்பு போன்ற பொருள்களுக்கும் இதே மாதிரி விதிமுறை உண்டு. ஹனுக்கா விளக்கு குறைந்தது அரை மணி எரிய வேண்டும், எண்ணெய் எதுவானாலும் சரி. அதனால்தான் மார்கரின் துண்டை உருக்கி, கிழங்கைக் குடைந்து, சட்டை நூலைத் திரியாக்கும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. எட்டு நாளுக்கு 36 சுடர் வேண்டும். ஒருவர் பங்கு மார்கரினில் அது நடக்காது என்பதால் ஒரு சுடரோடு நிறுத்திக்கொண்டவர்களே அதிகம், அது சட்டப்படியும் போதும்.

புத்தாண்டில் ஊதும் ஷோஃபார் கொம்பு இன்னும் சிரமம். போலந்தில் ஸ்கார்ஷிஸ்கோ-காமியென்னா என்ற இடத்தில் ஹசாக் கம்பெனியின் ஆயுதத் தொழிற்சாலை முகாம் இருந்தது. 1943-இல் அங்கே இருந்த ராடோஷிட்ஸே ஊர் ரபி ஃபிங்க்லருக்குப் புத்தாண்டுக்கு ஒரு கொம்பு வேண்டியிருந்தது. லஞ்சம் கொடுத்து வெளியிலிருந்து வரவழைத்தது மாட்டுக் கொம்பாக இருந்தது. மாட்டுக் கொம்பு ஆகாது, ஆட்டுக்கடாக் கொம்புதான் வேண்டும். மறுபடி லஞ்சம், மறுபடி ஒரு கொம்பு. உலோகப் பட்டறையில் வேலை செய்த மோஷே விண்டர்டர் என்பவரிடம் அதைக் கொடுத்தார்கள். முதலில் அவர் மறுத்தார். ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் செய்து மாட்டினால் தண்டனை சாவு. பிறகு செய்து கொடுத்தார். அந்தக் கொம்பு இன்று ஜெருசலேமின் யாத் வஷேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நெருக்கடியிலும் மாட்டுக் கொம்பை வேண்டாம் என்று திருப்பி வைத்தார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். எதையாவது ஊதி மனத்தைத் தேற்றிக்கொள்வது அவர்கள் நோக்கம் இல்லை.

இந்த மனநிலையை முழுதாகப் பார்க்க லிதுவேனியாவின் கோவ்னோ கெட்டோவுக்குத்தான் போக வேண்டும். 1941 ஆகஸ்டில் சுமார் 30,000 பேரை உள்ளே வைத்து அடைத்தார்கள். அக்டோபர் 28 அன்று ஒரு மைதானத்தில் எல்லோரையும் நிறுத்திப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஒதுக்கப்பட்ட 9,200 பேர் மறுநாள் 'ஒன்பதாம் கோட்டை' என்ற இடத்தில் சுடப்பட்டார்கள். அதில் 4,273 பேர் குழந்தைகள் என்பது கொன்றவர்களே எழுதி வைத்த கணக்கு. அந்தக் கெட்டோவில் எஃப்ராயிம் ஓஷ்ரி என்ற இளம் ரபியிடம் ஆட்கள் சட்டக் கேள்விகளோடு வந்தார்கள். அவர் கேள்வியையும் பதிலையும் கிழித்த சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் குறித்து, டப்பாக்களில் போட்டுப் புதைத்தார். 1944-இல் கெட்டோ விடுபட்ட பிறகு தோண்டி எடுத்து, பின்னாளில் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். "என்னை அடிமையாகப் படைக்காததற்கு நன்றி" என்று தினமும் காலையில் ஒரு வாழ்த்து சொல்ல வேண்டும். அடிமையாக இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். சொல்லத்தான் வேண்டும், அந்த நன்றி உடம்பின் விடுதலைக்காக ஏற்பட்டது அல்ல என்றார் ஓஷ்ரி. கிறிஸ்தவன் என்று போலிச் சான்றிதழ் வாங்கித் தப்பலாமா என்றதற்கு, கூடாது என்றார். வேலை அனுமதிச் சீட்டு 5,000 பேருக்குத்தான் என்றபோது, நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு குடும்பம் சாகுமே, வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் பெண்டாட்டி பிள்ளை இருந்தார்கள்.

நம்பிக்கை உடைந்ததா இல்லையா என்று இந்தப் புத்தகங்களில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எப்போது எழுதியது என்று பாருங்கள். வார்சா கெட்டோவில் இருந்த பியாசெச்னோ ரபி கலோனிமஸ் ஷபிரா 1939 முதல் 1942 ஜூலை வரை கொடுத்த உரைகளை எழுதி வைத்தார். போர் தொடங்கிய மாதத்திலேயே குண்டுவீச்சில் மகனை இழந்தவர். 1941-இல் ஓர் உரையில், இதுபோன்ற துன்பம் நம் முன்னோருக்கும் வந்ததுதானே, இதனால் ஏன் நம்பிக்கை இழக்க வேண்டும் என்று கேட்டார். 1942 நவம்பரில், ஊரே ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, அதே உரையின் கீழ் ஒரு குறிப்பு சேர்த்தார்: மேலே சொன்னது 1942-இன் நடுப்பகுதி வரை நடந்தவற்றுக்குத்தான் பொருந்தும், அதற்குப் பின் நடந்ததற்கு முன்னுதாரணமே இல்லை. பழைய வரியை அழிக்கவில்லை, அடியில் எழுதினார். 1943-இல் அவரும் கொல்லப்பட்டார். கெட்டோவில் ரகசியமாக ஆவணங்கள் சேகரித்த ரிங்கல்பிளம் குழு மண்ணில் புதைத்தவற்றோடு இந்த உரைகளும் தப்பின. நாற்பது ஆண்டு கழித்து அமைதியான ஊரில் உட்கார்ந்து எழுதும் நினைவுக்குறிப்பில் இந்த இரண்டு வரிகளும் ஒன்றாகக் கரைந்துபோயிருக்கும். பொய்யில்லை அது, நினைவு வேலை செய்யும் விதம்.

சரிபார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. ஹங்கேரிக்காரர் என்றால் 1945-46-இல் புடாபெஸ்டில் திரும்பி வந்தவர்களிடம் உடனுக்குடன் எடுத்த சுமார் 3,500 வாக்குமூலங்கள் உள்ளன. அதே ஊர்க்காரர், அதே ரயிலில் வந்தவர் யாராவது பேசியிருப்பார். ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக் காப்பகத்தில் பெயர் போட்டு இணையத்திலேயே தேடலாம். பிறந்த ஆண்டு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். ரயிலிலிருந்து இறங்கும்போது 14 வயதுப் பிள்ளை 17 என்று சொல்லித்தான் பிழைத்தது, அந்தப் பொய் வயதே முகாம் அட்டையில் ஏறிப் பிறகு அகதிச் சான்றிதழிலும் தொடர்ந்தது.

கடைசியாக அந்த இரண்டு அத்தியாயம். யூதக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் ஏழு நாள் துக்கம், பிள்ளைகள் பதினொரு மாதம் கதீஷ் பிரார்த்தனை, பிறகு ஆண்டுதோறும் இறந்த திதியில் 24 மணி நேரம் எரியும் ஒரு மெழுகுவர்த்தி. ஆங்கிலத் தேதி அல்ல, யூத மாதத்துத் திதி. நம்மூரில் திவசம் கொடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதீஷ் சொல்லப் பத்துப் பேர் கூட வேண்டும். பிழைத்தவர்களுக்கு உடலும் இல்லை, திதியும் இல்லை. பல ஊர்களில் பத்துப் பேரும் மிஞ்சவில்லை.

திதி தெரியாததைவிடப் பெரிய சிக்கல், இறந்தாரா என்பதே தெரியாதது. கணவன் இறந்ததற்குச் சாட்சி இல்லாவிட்டால் மனைவி மறுமணம் செய்ய முடியாது. அவளை "கட்டப்பட்டவள்" என்பார்கள். போருக்குப் பின் அகதி முகாம்களிலும் புடாபெஸ்ட் போன்ற நகரங்களிலும் ரபிகளின் நீதிமன்றங்கள் இதற்காகவே உட்கார்ந்தன. எந்த ரயில், எந்தத் தேதி, பிரிக்கும்போது எந்தப் பக்கம் அனுப்பப்பட்டார், கையில் குழந்தை இருந்ததா என்று விசாரித்தார்கள். ஆஷ்விட்ஸில் இடப்பக்கம், அதாவது கொல்லப்படுகிறவர்களின் பக்கம், போனதைப் பார்த்த ஒருவர் கிடைத்தால் அதையே சாவுக்குச் சாட்சியாக ஏற்றுக்கொண்டார்கள். வலப்பக்கம் போனவர்கள் விஷயம்தான் இழுத்தது. அவர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள், ஏதோ ஒரு முகாமில் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் புத்தகத்தில் அம்மா, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "எந்த முகாம்? எந்த மாதம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அதில் ஏக்கத்தோடு சட்டமும் கலந்திருக்கிறது.

திதி விஷயத்துக்கு இரண்டு தீர்வு வந்தது. இஸ்ரேலின் தலைமை ரபிமன்றம் 1948 டிசம்பரில் தேவேத் மாதம் 10-ஆம் நாளை, இறந்த நாள் தெரியாத எல்லோருக்கும் பொதுவான கதீஷ் நாளாக வைத்தது. மகாளய அமாவாசை போல என்று புரிந்துகொள்ளலாம். அது ஏற்கெனவே ஜெருசலேம் முற்றுகையை நினைத்து நோன்பிருக்கும் நாள். ஆனால் ஹங்கேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பிடிபடவில்லை. அவர்கள் ரயில் ஆஷ்விட்ஸுக்கு வந்து சேர்ந்த நாளையே திதியாக எடுத்துக்கொண்டார்கள். குழந்தையும் வயதானவர்களும் அன்றே கொல்லப்பட்டார்கள் என்பது பின்னால் தெரிந்துவிட்டதால் அது பெரும்பாலும் உண்மையான தேதிதான். 1944 மே மாதக் கடைசியில், வாரங்களின் பண்டிகையான ஷாவுவோத் அன்று வந்து சேர்ந்த ரயில்கள் பல. அந்தக் குடும்பங்களில் பண்டிகை விளக்கு ஏற்றும் மாலையிலேயே, அதே மேசையில், தாத்தா பாட்டிக்கும் அவர்களின் கடைசிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இன்னொரு மெழுகுவர்த்தி எரிகிறது.